மாமா சாப்பிட வரும் ஞாயிறு

மூதூர்,
புதன்கிழமை காலை.

தம்பி,

உன் கடிதம் நேற்றுப் பின்னேரம் காசிம் காக்காவின் வள்ளத்தில் வந்து சேர்ந்தது. அதில் பதினொரு கறி இருக்கிறது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் தரமும் எண்ணினேன், பதினொன்றுதான். சூப், கட்லெட், மீன் பொரியல், மீன் குழம்பு, கோழிக் கறி, இறால், பருப்பு, கத்தரிக்காய், அப்பளம், பச்சடி, கடைசியில் புடிங். கப்பல்துறையில் உன் குசினியில் இருப்பது இரண்டு அடுப்பு. உனக்கு இருப்பது இரண்டு கை. அந்தக் கைகளால் நீ இதுவரை சமைத்ததாக நான் அறிந்தது சோறு, பருப்பு, முட்டைப் பொரியல் மூன்றும்தான். அந்தச் சோறும் சில நாள் கஞ்சியாகத்தான் இறங்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். உன்னைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. கொஞ்சம் கேலியும் இருக்கிறது, அதைப் பொறுத்துக்கொள். பயந்தவன்தான் நீளமாகப் பட்டியல் போடுவான். ஒரு கறி பிழையாய்ப் போனால் இன்னொரு கறி காப்பாற்றும் என்று நினைப்பான். நடப்பது வேறு. பதினொன்றில் நான்கு பிழையாய்ப் போகும், வந்தவர்கள் வீட்டுக்குப் போய் அந்த நான்கைப் பற்றித்தான் கதைப்பார்கள்.

உன் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. வரப்போகிறவர் உன் மாமா. உன் அம்மாவின் ஒரே அண்ணன். நீ பிறந்து ஐந்தாவது வருஷத்துக்குப் பிறகு நம் வீட்டில் ஒரு வாய் சோறு தின்னாதவர். அம்மா காய்ச்சலில் போனபோது தன் ஊரான சல்லியில் இருந்து நடந்தே வந்தார், பாடைக்குத் தோள் கொடுத்தார், எல்லாம் முடிந்ததும் வேலிக்கு வெளியே நின்று கால் கழுவிக்கொண்டு, ஒரு மிடறு தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் போனார். அப்படிப்பட்டவர் இப்போது நீ போய்க் கூப்பிட்டவுடன் மாமியையும் பூமணியையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நாளையும் உன் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார். பெண் இருக்கிற வீட்டார், பெண் கேட்க நினைக்கிற வீட்டில் கை நனைத்தால் அதற்கு என்ன கருத்து என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நனைக்காமல் எழும்பினால் அதற்கும் கருத்துத் தெரியும். பூமணியை உனக்குக் கேட்டு நான்தான் போயிருக்க வேண்டும். நான் சல்லிக்குப் போக முகமில்லாதவன் என்பதால் நீ சோறு ஆக்கிக் கேட்கவேண்டியதாகிவிட்டது. ஆகவே இந்த விஷயத்தில் ஒரு தகப்பன் செய்யக்கூடியதாக எனக்கு மிஞ்சியிருப்பது சமையல் சொல்லித்தருவதுதான். அதையாவது ஒழுங்காகச் செய்கிறேன்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் துறைமுகத்துப் பங்களாவில் துரைமாருக்குச் சமைத்தவன். அந்த வேலையில் நான் படித்தது உனக்குத் தேவைப்படுகிற அளவுக்குக் கொஞ்சம்தான். ஒரு நாள் எட்டுப் பேருக்கு விருந்து என்று சொல்லியிருந்தார்கள். பின்னேரம் ஒரு கப்பல் சொல்லாமல் வந்துவிட்டது, மேசைக்குப் பதினாலு பேர் வந்தார்கள். சூப்புக்குள் கொதிதண்ணீரை ஊற்றி, மிளகைக் கூட்டி அனுப்பினேன். பதினாலு பேரும் நல்ல சூப் என்றார்கள். இன்னொரு நாள் காலையில் இருந்து நின்று ஒன்பது வகை செய்தேன், கால் வீங்கிவிட்டது. அன்று துரைக்கும் துரைசாணிக்கும் சண்டை, ஒருவரும் தட்டைப் பார்க்கவில்லை. சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் சாப்பாட்டை நாம் நினைக்கிற அளவுக்குக் கவனிப்பதில்லை. தங்களை மதித்தார்களா, நேரத்துக்குப் போட்டார்களா, வயிறு நிறைந்ததா, இவ்வளவும்தான் பார்ப்பார்கள். சமைத்தவனின் முகம் வெளிறிப்போய் இருந்தால் அதையும் பார்ப்பார்கள். முகம் வெளிறாமல் இருக்கவேண்டுமானால் பெரும்பாலான வேலை அவர்கள் வேலிப் படலையைத் திறப்பதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் நாள். நீ வெள்ளிக்கிழமை பின்னேரம் என்று எழுதியிருக்கிறாய், அன்று சீனன்குடாவில் உனக்கு வேலை நேரத்தோடு முடியும் என்பதற்காக. வெள்ளியில் மாமா மரக்கறிதான். அடுத்த நாள் சனி அமாவாசை. தன் அப்பாவுக்காக அவர் அமாவாசை விரதம் பிடிக்கிறவர், ஒரு நேரம்தான் சாப்பிடுவார், அதுவும் தன் வீட்டில். பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் நாள் வைத்து நல்ல கோழிக் கறியை நாய்க்குப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லி அனுப்பு. நேரம் ஐந்து மணி. இராச்சாப்பாடு என்று கூப்பிட்டுவிட்டு ஐந்து மணிக்குப் போடுகிறோமே என்று யோசிக்காதே. யப்பான்காரன் குண்டு போட்டு இரண்டு வருஷமாகியும் இருட்டடிப்பு இன்னும் எடுபடவில்லை. பொழுது பட்டபிறகு அடுப்பு வெளிச்சம் ஓலைக்குள்ளால் தெரிந்தால் வார்டன் வந்து சாப்பாட்டுக்கு நடுவில் சத்தம் போடுவான். கறுத்தத் துணி சுற்றிய விளக்கில் கோழித் துண்டு எது, இஞ்சித் துண்டு எது என்று ஒருவருக்கும் தெரியாது. வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்து, வெற்றிலையும் போட்டு, இருட்டுவதற்கு முன் அவர்கள் மாமியின் தங்கை வீட்டுக்குப் போய்விடட்டும். அந்த வீடு உன் தெருவிலேயே இருப்பது நல்ல வசதி.

இப்போது பட்டியல். உன் பதினொன்றில் மீன் இரண்டு தரம் வருகிறது, இறால் ஒரு தரம். அந்த மூன்றையும் வெட்டு. மாமாவுக்கு ஐம்பது வயது, அதில் நாற்பது வருஷம் கரைவலை இழுத்தவர். இலையில் வைத்த மீன் எத்தனை மணிக்குக் கரை ஏறியது என்று வாயில் வைக்காமலே சொல்லுவார். துறைமுகத்துக்குள் மீன்பிடி வள்ளம் போகக்கூடாது என்று கடற்படைக்காரர் மறித்து வைத்திருக்கிற இந்தக் காலத்தில் சந்தையில் உனக்குக் கிடைக்கிற மீன் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். மீன்காரருக்கு மீன் சமைத்துப் பரீட்சை எழுதாதே. அவருக்கு அடிக்கடி கிடைக்காததைக் கொடு. சூப்பையும் புடிங்கையும் ஏன் வெட்டச் சொல்கிறேன் என்று பிறகு சொல்கிறேன். கட்லெட் கடைசி நிமிஷத்தில் பொரிக்கவேண்டிய சாமான். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறவன் வந்தவர்களை வாருங்கள் என்று கூப்பிட முடியாது. ஆகவே வெட்டு.

கத்தரிக்காய், அப்பளம், பச்சடியும் வேண்டாம். வைக்கவேண்டியது இவ்வளவுதான்: சோறு, கோழிக் கறி, பயற்றம் பருப்பு, முருங்கையிலை வறை, சொதி. சாப்பிட்டு முடிய எருமைத் தயிரும் பனங்கட்டியும். இது குறைவு என்று உனக்குத் தோன்றும். ஒவ்வொன்றும் நிறைய இருந்தால் குறைவாகத் தெரியாது. கோழியை நான் அனுப்புகிறேன். பட்டாளத்துக்காரர் வந்தபிறகு பட்டணப் பக்கம் கோழி என்ற சாதியே இல்லாமல் போய்விட்டது, இங்கே நான் தங்கியிருக்கிற பெரியம்மா வீட்டு வளவில் இன்னும் இரண்டு சேவல் நிற்கிறது. ஒன்றைக் காலைக் கட்டிச் சனிக்கிழமை காசிம் காக்காவின் கையில் கொடுத்து விடுவேன். அறுக்க உன்னால் ஏலாது என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடு, ஈரலை அவருக்கே கொடுத்துவிடு. ஞாயிறு காலையில் எட்டு மணிக்குள் கறியை அடுப்பில் ஏற்று. நாட்டுச் சேவல் வேகச் சுணங்கும், அது வேகட்டும். தூளைக் கொஞ்சம் கூடப் போட்டாலும் தேங்காயின் முதல் பால் விட்டு மட்டுப்படுத்தலாம், உப்பு மட்டும் கடைசியில். கோழிக் கறி காலையில் வைத்துப் பின்னேரம் சூடாக்கினால்தான் நல்லது. உனக்கு அது சமையலில் ஒரு புண்ணியம். பத்து மணிக்கெல்லாம் பெரிய வேலை முடிந்துவிடும், பிழைத்தால் திருத்த ஏழு மணி நேரம் இருக்கும்.

மைசூர்ப் பருப்புத் தேடி அலையாதே, கிடைக்காது. பயறு இருக்கிறது, வறுத்து உடைத்து அவித்துப் பால் விட்டு இறக்கு, அதையும் மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம். முருங்கையிலையைச் சனிக்கிழமையே உருவி ஈரத் துணியில் சுற்றி வை. திருவின தேங்காய்ப்பூவும் நிலாவெளிச் சின்ன வெங்காயமும் போட்டு வறுக்கப் பத்து நிமிஷம் போதும். சொதி மட்டும்தான் கடைசியில். அவர்கள் வந்து கால் கழுவி உட்கார்ந்து வெயிலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியதும் அடுப்பில் வை. பால் விட்டபிறகு கையை எடுக்காமல் துழாவு, ஒரு கொதி வந்தவுடன் இறக்கு, இறக்கிய பிறகுதான் தேசிக்காய்ப் புளி. அடுப்பில் இருக்கும்போது புளி விட்டால் பால் திரைந்துபோகும், அது நான் பார்த்த பயந்த சமையற்காரர் எல்லாரும் விட்ட பிழை. நானும் விட்டிருக்கிறேன்.

சோற்றுக்கு வருகிறேன். கூப்பனுக்குத் தருகிற அரிசி உனக்கே காணாது, மிச்சத்துக்குத் தருகிற பஜிரியை மாமாவின் இலையில் வைக்க முடியாது. அந்தத் தானியத்தைத் தின்று தின்று சனத்துக்கு வயிறே கல்லாய்ப் போயிற்று. பெரியம்மாவின் வயல் அரிசி ஐந்து கொத்து வருகிறது, பழைய புழுங்கல், குழையாது. நாலு பேருக்கு ஐந்து கொத்தா என்று கேட்காதே, கணக்குப் பார்க்காமல் முழுவதையும் போடு. பெரிய பானையில் நிறையத் தண்ணீர் கொதித்தபிறகு அரிசியைப் போடு. இரண்டு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார். நடுவில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டுத் தெரியும்போதே வடித்துவிடு. வடித்த பானையைத் தணலில் வைத்து மூடி ஒரு துணியைப் போட்டுவிட்டால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். இந்தச் சோற்றையும் சொதியையும், உன் கூப்பன் அரிசியில், இந்தக் கிழமையே ஒரு தரம் உனக்கென்று சமைத்துப் பார். முதல் தரம் செய்கிற எதையும் வந்தவர்களின் முன்னால் செய்யாதே.

பாய் விரித்துத் தரையில் இருத்து. வாழையிலை போடு. எல்லாக் கறியையும் இலையில் வைத்த பிறகு அவர்களைக் கூப்பிடு. நீ அவர்களோடு உட்காராமல் பரிமாறு. மாமி குசினிக்குள் வருவார், தடுக்காதே. அவர் வந்தால் என்ன பிழை கண்டுபிடிப்பாரோ என்று கதவை மறித்துக்கொண்டு நிற்காமல் அகப்பையை அவர் கையில் கொடுத்துவிடு. தான் கை வைத்த சமையலை ஒருத்தியும் குறை சொல்லமாட்டாள், சொதியில் உப்புக் குறைந்தால் அவரே பார்த்துப் போடுவார். சாப்பிடும்போது "எப்படி இருக்கு, எப்படி இருக்கு" என்று கேட்காதே. "உப்புக் கூடிப்போச்சோ தெரியாது" என்று நீயாகத் தொடங்கி வைக்காதே. அப்படிச் சொன்னால் அவர்கள் இல்லை இல்லை என்று சொல்லவேண்டிய கடமைக்குள் விழுந்துவிடுவார்கள், அதற்குப் பிறகு நாக்கில் உப்பைத்தான் தேடுவார்கள்.

சமையல் இவ்வளவுதான். இதை மட்டும் எழுதி அனுப்பலாம் என்றுதான் நேற்று நினைத்திருந்தேன். உன் கடிதத்தின் கடைசி வரி விடவில்லை. பேச்சு வறண்டுபோனால் அப்பாவின் கிண்ணக் கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கதையை நான் உனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். பங்களாவிலும் சொன்னேன், துரைமாரும் சிரித்தார்கள். நீயும் சீனன்குடாவில் கூட்டாளிமாருக்குச் சொல்லியிருப்பாய். சோற்றுக்கு முன்னால் சூப் வைத்ததால் சல்லிக்காரர் கிண்ணத்தில் கை கழுவிவிட்டுப் பட்டினியாகப் போன கதை. தம்பி, அந்தக் கதையை மாமாவின் முன்னால் வாய் திறந்து சொல்லாதே. நான் உனக்குச் சொன்னது முக்கால்தான். மிச்சக் காலை இப்போது எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பங்களாவில் தலைமைச் சமையற்காரன் என்று பதவி கொடுத்திருந்தார்கள். சம்பளம் கூடியது. மேசையும் ஆறு கதிரையும் வாங்கினேன். நம் வளவில் அதற்கு முன் ஒருவர் வீட்டிலும் மேசையில் சாப்பாடு கிடையாது. உன் அம்மாவின் ஆட்களைக் கூப்பிட்டேன்: உன் அம்மப்பா, மாமா, மாமி, இன்னும் இரண்டு பேர். நீ பெரியம்மாவோடு இங்கே மூதூரில் நின்றாய். நண்டுச் சூப் முதலில், பிறகு மீன், பிறகு இறைச்சி, பிறகு சோறும் கறியும், கடைசியில் புடிங் என்று பங்களா ஒழுங்கில் வைத்தேன். அந்த ஒழுங்கில் பழத்தோடு கடைசியாக வரவேண்டிய சாமான் கை கழுவும் கிண்ணம். தேசிக்காய்த் துண்டு மிதக்கிற தண்ணீர். பார்க்க வடிவாக இருக்குமே என்று நான் அதைத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் வைத்துவிட்டேன். உன் அம்மா தன் அப்புவுக்காகக் குசினி வாசலில் நின்று ஒரு தரம்தான் சொன்னாள்.

"சோத்தை முதல்ல வைப்பம். அப்பு பசியோட வந்திருக்கிறார்."

உனக்கு இதெல்லாம் தெரியாது, நீ உள்ளே நில், மணி அடித்தபிறகு கொண்டுவா என்றேன். மணியும் வாங்கியிருந்தேன்.

சூப்பைக் குடித்தார்கள். அம்மப்பா கரண்டியை வைத்துவிட்டுப் பீங்கானைத் தூக்கிக் குடித்தார், நல்ல கஞ்சி என்றார். ஒரு வகைக்கும் அடுத்த வகைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் விடவேண்டும் என்பது பங்களா ஒழுங்கு. நான் உள்ளே நின்று மீன் தட்டை அலங்கரித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அங்கே இருந்தார்கள். குசினிக் கதவு சாத்தியிருந்தது. ஒருவரும் வரவில்லை, சோற்று வாசமும் வரவில்லை. பிறகு அம்மப்பா கிண்ணத்துக்குள் கை விட்டுக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, திருப்தி என்று சொல்லி எழும்பினார். பெரியவர் எழும்பினால் பந்தி எழும்பும், மற்ற நான்கு பேரும் எழும்பிவிட்டார்கள். நான் மீன் தட்டோடு வெளியே வருகிறேன், ஐந்து பேரும் நிற்கிறார்கள்.

நான் உனக்குச் சொல்லி வந்த கதை இந்த இடத்தில் முடியும். எல்லாரும் சிரிப்பார்கள். உண்மையில் அன்று சிரித்தது நான் ஒருவன்தான். தட்டை மேசையில் வைத்துவிட்டு வாய் விட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டு உன் அம்மாவைப் பார்த்து, அவர்களுக்குக் கேட்கும்படியாகத்தான், இதைச் சொன்னேன்.

"உங்கட ஆக்களுக்கு இன்னும் கதிரையில இருக்கத் தெரியாது."

அம்மப்பா கேட்காதவர் மாதிரித் துவாயைத் தோளில் போட்டார். மாமாதான் என்னைப் பார்த்தார்.

"ஓம் மச்சான். அப்புவுக்குக் கதிரை தெரியாது. சபை தெரியும்."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. தகப்பனின் கையைப் பிடித்துப் படியால் இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இருங்கள், சோறு இருக்கிறது, நான் செய்தது பிழை என்று அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். கை கழுவி எழும்பினவர் அதே இலைக்குத் திரும்பி உட்காருவதில்லைதான், ஆனாலும் இன்னொரு பாயை விரித்து, புதிதாக இலை போட்டு, முற்றத்தில் இருத்தியிருக்கலாம். படலை வரைக்கும் பின்னால் போயிருக்கலாம். மீன் ஆறுகிறதே என்ற யோசனைதான் எனக்கு வந்தது. பங்களாவில் சேர்ந்த புதிதில் கரண்டி பிடிக்கத் தெரியாமல் நின்ற என்னைப் பார்த்துத் துரைமார் சிரித்த சிரிப்பு ஒன்று இருந்தது. அதே சிரிப்பை நான் கொண்டுவந்து உன் அம்மப்பாவின் முகத்தில் சிரித்துவிட்டேன் என்று விளங்க எனக்குப் பல வருஷம் எடுத்தது.

உன் அம்மா அன்று சோற்றுப் பானையை அப்படியே மூடி வைத்தாள். என்னோடு சண்டை பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கதிரைகளில் ஒன்றில்கூட அவள் பிறகு உட்கார்ந்ததில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும், எப்போதும் நிலத்தில்தான் இருப்பாள். இடுப்பு வலி என்று நான் உனக்குச் சொல்லியிருந்தேன். அம்மப்பா செத்தபோது நான் சுடலைக்கு மட்டும் போனேன், வளவுக்குள் போகவில்லை. அந்தச் செத்தவீட்டில் இருந்து திரும்பி வந்த அன்றுதான் அவள் அந்த நாளைப் பற்றி முதலும் கடைசியுமாக வாய் திறந்தாள். வாசலில் நின்றுகொண்டே சொன்னாள்.

"அப்பு முறை தெரியாமல் எழும்பினவர் எண்டு நினைக்கிறீங்கள். எங்களிட்டைச் சோறு இல்லையெண்டு நினைச்சு எழும்பினவர். மருமோனுக்கு வெக்கம் வரக்கூடாதெண்டு."

சூப்பைக் குடித்துவிட்டுக் காத்திருந்த அந்த நேரத்தில் அந்த மனிதர் இதைத்தான் நினைத்திருக்கிறார். மகளின் வீட்டில் கஞ்சிக்கு மேல் இல்லை. கேட்டால் மருமகன் குறுகிப்போவான். வயிறு நிறைந்தது போல எழும்பிவிடுவோம். அதற்குத்தான் திருப்தி என்று சொன்னார். பட்டினி வயிற்றோடு என் மானத்தைக் காப்பாற்ற எழும்பியவரைப் பார்த்து நான் சிரித்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, தம்பி. இதை இதற்கு முன் ஒருவருக்கும் எழுதவோ சொல்லவோ இல்லை. அம்மாவிடம்கூட ஓம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். அதற்குப் பிறகும் அந்தக் கிண்ணக் கதையைப் பங்களாவில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், இடம் வந்தால் சிரிப்பு வருகிற கதை என்பதால்.

ஆகவே நான் கேட்பது இதுதான். இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. தபாலில் போட்டால் துறைமுகத்தில் பிரித்து வாசிக்கிறார்கள், சேவலைப் பற்றியும் சொதியைப் பற்றியும் அவர்களுக்கு எதற்கு என்று காசிம் காக்காவின் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். ஒட்டாமல் விட்டது, இது மாமாவும் கேட்கவேண்டிய கடிதம் என்பதால். ஞாயிறுக்கு முன்னால் ஒரு நாள் சல்லிக்குப் போ. அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க நேரமாகும், நீயே வாசித்துக் காட்டு. சமையல் பகுதியை விட்டுவிட்டு நான் கதிரை வாங்கிய இடத்தில் இருந்து தொடங்கு. நான் சொன்னதை அவர் மறந்திருக்கமாட்டார், அது அவருக்குப் புதிதாக இராது. அது எனக்கும் மறக்கவில்லை என்பதும், அவருடைய அப்பா ஏன் எழும்பினார் என்று எனக்குத் தெரியும் என்பதும்தான் அவருக்குத் தெரியாது. இதனால் அவர் மனம் மாறி உன் வீட்டுக்கும் வராமல் விடலாம். அப்படி நடந்தால் உனக்கும் பூமணிக்கும் நான் செய்த இரண்டாவது கெடுதி அது. அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். மறைத்துவைத்துச் சாப்பிடக் கூப்பிட்டால், என்றோ ஒரு நாள் நீ சிரித்துக்கொண்டு அந்தக் கதையை அவருக்குச் சொல்லுவாய். அது இதைவிட மோசம்.

வாசித்து முடிந்ததும், ஞாயிற்றுக்கிழமை அப்பா வரலாமா என்று கேள். ஓம் என்றால் காலை வள்ளத்தில் வருவேன். குசினிக்குள் கால் வைக்கமாட்டேன், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எழும்பிய பிறகு எழும்புவேன். பெண்ணை நானே வாய் திறந்து கேட்பேன். வேண்டாம் என்றால் அது அவருடைய நியாயம். எனக்காக வாதாடாதே, முகத்தைத் தொங்கப்போடாதே, போன தகவலைக் காசிம் காக்காவிடம் ஒரு சொல்லாகச் சொல்லிவிடு, போதும். நான் இங்கே பெரியம்மாவோடு இருப்பேன்.

நான் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு வேலையை மட்டும் மறக்காதே. சோற்றுப் பானையைக் குசினிக்குள் வைக்காதே. அவர்கள் உட்காருவதற்கு முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, மாமாவின் கண்ணுக்கு நேரே வைத்து, மூடியைத் திறந்துவிடு.

அப்பா